உடைந்தால் புரதம்

உசிலம்பட்டிச் சந்தையில்
ஒச்சம்மாள் கேட்டாள்:
‘அஞ்சு கிலோ மொச்சையா? யார் வீட்டு விசேஷம்?’
விசேஷம்தான் என்றேன்.

ஊறவைத்து, அரைத்து, வடிகட்டி,
கண்ணாடிக் குழாய்களில் இறக்கி இறக்கி
கடைசியில் மிஞ்சியது
சொட்டு மருந்துப் புட்டியின் அடியில்
ஒட்டியிருக்குமே, அவ்வளவு.
அதையும் இருபத்து நான்கு குழிகளுக்குப் பங்கு வைத்தேன்.
கண்ணாடி வில்லையில் தலைகீழாகத் தொங்கும் துளிகள்.
விளிம்பில் கிரீஸ் தடவி மூடி
பதினெட்டு டிகிரியில் வைத்துவிட்டால்
பிறகு நமக்கு அதில் வேலையில்லை.

நாகமலைக்கு இந்தப் பக்கம் ஆய்வுக்கூடம்,
அந்தப் பக்கம் என் ஊர்.
மின்சாரம் போனால் ஜெனரேட்டர் தவசி அண்ணன்
சோற்றுக் கையோடு ஓடுவார்:
‘ஒங்க துளிக்கு வேர்த்துறக் கூடாதுல்ல?’

முதல் வருடம் எல்லாக் குழியிலும் மேகம்.
இரண்டாம் வருடம்
ஊசி ஊசியாக முளைத்திருந்தது.
நானும் ஃபிர்தௌஸும் கையிலிருந்த காசுக்கெல்லாம்
பஜ்ஜி வாங்கி
கண்ணில் பட்டவர்களுக்குக் கொடுத்தோம்.
மறுநாள் நுண்ணோக்கியின் கீழ்
ஊசி முனையால் தொட்டேன்.
நறுக்கென்று தெறித்தது.
உப்பு.
உப்புக்குத்தான் அவ்வளவு விறைப்பு.
புரதம் என்றால் தொட்ட இடத்தில்
நனைந்த சீனி போல உதிர வேண்டும்.
இந்த வேலையின் கூத்து இது:
கிடைத்தது நிஜமா என்று தெரிய
கிடைத்ததில் ஒன்றை உடைக்க வேண்டும்.
பஜ்ஜிக் காசை யாரும் திருப்பித் தரவில்லை.

மூன்றாம் வருடம் ஆடியில்
சி வரிசை, நான்காம் குழி.
ஆறு இருந்தன.
இருப்பதில் சின்னதின் மேல் ஊசியை வைத்தேன்.
சத்தமே இல்லை.
குழைந்தது.
ஃபிர்தௌஸ் முதுகில் அடித்த அடி
இரண்டு நாள் வலித்தது.

பாதிக்குப் பாதி தண்ணீர் அந்தப் படிகத்தில்.
அந்த வருடம் வைகையில்
அவ்வளவு இல்லை.

சனிக்கிழமை சோழவந்தான் பேருந்தில்
தென்னந்தோப்பைக் கடக்கையில் பார்த்திருக்கிறேன்:
மரங்கள் தாறுமாறாக நிற்கும்,
சட்டென்று ஒரு வரிசை திறந்து
கடைசி வாய்க்கால் வரை தெரியும்,
மூடிக்கொள்ளும்.
கொஞ்சம் தள்ளி, வேறு கோணத்தில் வேறொரு தெரு.
படிகத்தைத் திருப்பத் திருப்ப
எக்ஸ்ரேக்கும் அப்படித்தான்.
வரிசை திறக்கிற கோணத்தில் மட்டும் ஒரு புள்ளி விழும்.
பதினெட்டாயிரம் புள்ளிகள் விழுந்தன.

ஆனால் புள்ளி பாதிதான் சொல்லும்.
பெரியார் நிலையத்தில்
எந்த வாசலில் எத்தனை பேர் இறங்கினார்கள்
என்ற கணக்கு கையில் இருக்கிறது.
யார் எத்தனை மணிக்குக் கிளம்பினார்கள்?
டிக்கெட்டுகளைக் காற்று கொண்டுபோய்விட்டது.

இன்னொரு படிகத்தைப் பாதரச உப்பில் ஊறப்போட்டேன்.
கனத்த அணு ஒன்று
மூலையில் அசையாமல் உட்கார்ந்துகொண்டது.
அதனிடம் விசாரித்து விசாரித்து
மற்றவர்கள் கிளம்பிய நேரத்தை
எட்டு மாதத்தில் கணக்கெடுத்தோம்.

திரையில் நீல வலை.
சங்கிலியைக் கண்ணி கண்ணியாக
உள்ளே உட்காரவைத்தேன்.
இருநூற்று முப்பதில்
ஏழு காணவில்லை.
நூற்று எண்பத்து மூன்றிலிருந்து எண்பத்தொன்பது வரை
வலையே இல்லை, வெறும் கறுப்பு.
அந்த வளைவு மட்டும்
அவ்வளவு ஒழுங்குக்குள்ளும் ஆடிக்கொண்டிருந்திருக்கிறது.

‘ஏழுதானே, ஒப்புக்கு எதையாவது வச்சிரு’
என்றாள் ஃபிர்தௌஸ்.
மணி இரவு இரண்டு.
வைத்தேன்.
அழகாகத்தான் இருந்தது.
அழித்துவிட்டு,
தெரியவில்லை என்று எழுதினேன்.

தையில் மறுபடி சந்தை.
‘இந்த வருசமும் விசேஷமா?’
இல்லை, குழம்புக்கு, அரைக் கிலோ போதும்.

கத்தரிக்காய், நெத்திலிக் கருவாடு, மொச்சை.
மூன்று வருடம் தேடிய மடிப்பெல்லாம்
ஒரே கொதியில் அவிழ்ந்துபோனது,
அந்த ஏழும் சேர்த்துத்தான்.
உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு
உப்புப் பார்த்தேன்.
கொஞ்சம் குறைச்சல்.