ஒரு நாள் கழித்துத் திறக்கவும்

இவலோவில் இடக்கைக்காரிக்குக்
கத்தரிக்கோல் கிடைப்பதே பாடு.
கிதாருக்கு எங்கே போக?

பனி தள்ளும் வண்டியை
என் முறை முடிந்து நிறுத்திவிட்டு
அதே சாலையில், இப்போது என் காரில்,
ரோவனியேமிக்கு இறங்கினேன்.
இருநூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர்.
சொதன்குலாவுக்கு முன்னால்
நடுச்சாலையில் நான்கு கலைமான்கள்
வரி கட்டியவர்கள் போல நின்றன.

தௌனோவின் கடையில்
சுவர் முழுக்க வலக்கைக் கிதார்கள்.
மூலை ஆணியில் ஒன்றே ஒன்று எனக்கானது.
அறுநூற்று நாற்பது யூரோ.
மடியில் வைத்ததும் வயிற்றில் அதிர்ந்தது.
ஐந்தாம் தந்தி மூன்றாம் கட்டில் மட்டும்
ஒரு சின்னக் கரகரப்பு,
ஜலதோஷம் விட்டும் விடாத தொண்டை.
அதைச் சாக்காக வைத்துக்கொண்டேன்.

ஒரு மணி நேரம் வாசித்தேன்.
அவர் பக்கத்தில் காப்பி வைத்துவிட்டுப் போனார்,
விலையைப் பற்றி ஒரு சொல் இல்லை.
ஏதோ பார்சலுக்குக் கையெழுத்துப் போட
அவர் பின்வாசலுக்கு நகர்ந்தபோது
ஒலித்துளைக்குள் போனை நுழைத்து
உள்ளே ஒட்டியிருந்த சீட்டைப் படம் எடுத்தேன்,
கடைவாய்ப் பல்லைத் தேடும் வைத்தியர் மாதிரி.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.
யோசனை கார் நிற்குமிடம் வரைக்கும்தான்.
எஞ்சின் சூடாகுமுன்
அதே எண், அதே நிறம்,
நானூற்று எண்பத்தொன்பது, தபால் செலவு இல்லை.
தொட்டுப் பார்த்துத்தான் வாங்கினேன் என்று
யாராவது கேட்டால் சொல்லிக்கொள்ளலாம்.
பொய்யும் இல்லை.

ஒன்பதாம் நாள் வந்தது,
சூப்பர் மார்க்கெட்டில்
உறைந்த பட்டாணிகளுக்குப் பக்கத்துக் கவுண்டருக்கு.
தூக்கிக் கொடுத்த ஒன்னி
‘சவப்பெட்டி என்றால் கனம் போதவில்லையே’ என்றான்.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.

அட்டைமேல் சிவப்பில்:
ஒரு நாள் கழித்துத் திறக்கவும்.
குளிர்ந்த மரம் சட்டென்று சூட்டைக் கண்டால்
மேல்பூச்சு சிலந்திவலையாக விரியுமாம்.

காத்திருந்தேன்.
சோபாவில் அது, தரையில் நான்.
அறுபது யூரோ போனாலும் எழுபது போனாலும்
அவரிடமே பேரம் பேசியிருக்கலாம் என்று
காலணியைக் கழற்றும்போது தோன்றியது.
கழற்றி முடித்ததும் தோன்றவில்லை.

இரவில் பெட்டிக்குள் ஒரு தந்தி
தானாக இளகி முனகியது.
உள்ளிருந்து யாரோ தட்டின மாதிரி இல்லை.
யாரோ புரண்டு படுத்த மாதிரி.

மறுநாள் திறந்தேன்.
ஒரு கீறல் இல்லை. ஒரு குறை இல்லை.
அதே இனம்தான், வேறொரு மரம்.
மூன்றாம் கட்டில் விரல் வைத்தேன்.
சுத்தமாக ஒலித்தது.
இன்னும் அழுத்தி, இன்னும் லேசாக,
நகத்தால், சதையால்,
வேலைக்குக் கிளம்பும் நள்ளிரவு வரை
அந்தக் கரகரப்பைத் தேடினேன்.

திருப்பி அனுப்பப் பதினாலு நாள்.
பதின்மூன்றாம் நாள்
தந்திகள் உயரமாக இருக்கின்றன என்று
ஒரு காரணம் கண்டுபிடித்து
அதையும் ஏற்றிக்கொண்டு தெற்கே போனேன்.

மூலையில் வெறும் ஆணி.
‘கெமியிலிருந்து ஒருத்தி’ என்றார் தௌனோ,
‘போனிலேயே வாங்கிவிட்டாள்.
வந்து வாசித்துப் பார்க்க வேண்டாமா என்றேன்.
நீங்கள் வாசித்துக் காட்டுங்கள் என்றாள்.
எனக்கேது இடக்கை?
தலைகீழாகப் பிடித்து மூன்று தந்தியைத் தட்டினேன்.
அந்தக் கரகரப்பு கேட்டது அவளுக்கு.
அது இருக்கட்டும், சரி செய்துவிடாதீர்கள் என்றாள்.’

என்னுடையதை எங்கே வாங்கினேன் என்று கேட்கவில்லை.
குனிந்து உள்ளே இருந்த சீட்டைப் பார்த்தார்.
நிமிர்ந்தார்.
பாலத்திலிருந்து எலும்புத் துண்டை உருவி
உப்புத்தாளில் தேய்க்கத் தொடங்கினார்.
வெள்ளைப் பொடி
கறுப்புச் சட்டையில் இறங்கிக்கொண்டே இருந்தது.
முப்பது யூரோ. ரசீது வேண்டுமா?
வேண்டாம்.

‘சாலை எப்படி?’ என்றார், தலை தூக்காமல்.

‘வுவோத்சோ வரை சுத்தம்’ என்றேன்.
‘அதுவரை தள்ளுவது நான்.’