காற்றுக்கு எதிர்ப்பக்கம்

துவக்கோடு வாறவனுக்கு நான் ஒன்றும் சொல்வதில்லை.
வில்லென்றால் கேள்:
முப்பது எட்டு. அதற்கு மேல் எய்தால்
அது வேட்டை இல்லை, கல்லெறி.

கச்சான் காலத்தில் உறுகாமக் குளம்
வற்றி வற்றி ஒரு வாய்க்காலாகும்.
பிணைகள் முன்னே வரும், கன்றுகள் வரும்,
இளங்கலைகள் கொம்பை உரசிக்கொண்டு வரும்.
விடு. எல்லாவற்றையும் விடு.
கிழக்கலை கடைசி.
அதுவும் வருமென்று நான் எழுதித் தரமாட்டேன்.

சவர்க்காரம் போடாதே. பீடி வேண்டாம்.
விண்ணாங்கில் ஏறு, பாலையில் ஏறாதே,
பழக்காலத்தில் அது கரடிக்குச் சொந்தம்.
தண்ணீருக்கு அது தலை குனிகிறபோது
நாணை இழு.
முன்னங்காலுக்குப் பின்னால், நாலு விரல்.
வயிற்றில் விட்டவன்
இரவெல்லாம் இரத்தம் தேடி நடக்கட்டும்.
நான் நடந்திருக்கிறேன். கித்துள் மட்டும்.

இவ்வளவும் தெரிந்த நான்
போன வெள்ளி மரத்தில் ஒன்பது மணித்தியாலம்.
வந்தது.
இடக்கொம்பில் ஒரு கவர் முறிந்தது,
கழுத்தில் யாரோ வைத்த கம்பிச் சுருக்கின் தழும்பு.
இருபத்தைந்து எட்டு. இருபது.
இழுத்தேன்.
காற்று மாறியது,
கொஞ்சம்தான், ஒரு இலை திரும்புகிற அளவு.

தோள்மூட்டு நோவுக்கென்று
புவனேஸ் விடியச்சாமம் தேய்த்துவிட்ட தைலம்
எனக்கு முன்னே மரத்தால் இறங்கிப்போய்
அதனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

ஒருதரம் நிலத்தை உதைத்தது.
ஓடவில்லை. நடந்தே போனது.

"வெறுங்கையா?" என்றாள்.
சட்டையைக் கழற்றித் தோளைக் காட்டினேன்.
இன்னும் கொஞ்சம் பூசு.