எண்பதடிக் கோபுரம், லிவா

முசாஃபாவிலிருந்து மூன்றரை மணி நேரம்.
மெசைராவில் கடைசி பெட்ரோல் பங்க், கடைசி டீ.
அப்புறம் மணல்தான்.
இதுதான் அமெரிக்கா என்றார்கள்.
சரி என்றோம்.
சம்பளம் திர்ஹத்தில்தானே.

குண்டைத் தொங்கவிட ஒரு கோபுரம் வேண்டும்.
எண்பதடி.
அந்தக் காலத்து இரும்பு போலத் தெரிய வேண்டுமாம்.
ஆறு வருஷமாக நாங்கள் சுரண்டிப் போட்ட துருவை
பிரஷ்ஷால் தொட்டுத் தொட்டு
எங்கள் பைப்பிலேயே திரும்பப் பூசினார்கள்.

பதினொரு நாள்.
ஆயிரத்து எண்ணூற்று அறுபது கப்ளர்.
எல்லாவற்றையும் முறுக்கிப் பார்த்து
அடியில் பச்சை அட்டையைக் கட்டினேன்:
பத்திரம், ஏறலாம்,
கீழே என் கையெழுத்து.
கலைத்துறைப் பெண் ஒருத்தி வந்து கழற்றினாள்.
அந்தக் காலத்தில் இது கிடையாதாம்.

குண்டு பிக்கப்பில் வந்தது.
ஃபைபர். ரெண்டு பேர் தூக்கிவிடலாம்.
ஆனாலும் கிரேன் அதைத் தூக்கும்போது
ஒருத்தரும் அடியில் நிற்கவில்லை.
பழக்கம்.

விஞ்ஞானியாக நடித்தவர்
தொப்பியும் கோட்டுமாக ஏணியில் ஏறினார்,
இடுப்பில் பெல்ட் இல்லாமல், ஐந்து தரம்.
உச்சியில் நின்று அந்த உருண்டையைத் தடவினார்,
காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைப் போல.
"எங்கள் சைட்டாக இருந்தால்
முதல் தரத்திலேயே ஊருக்கு டிக்கெட்" என்றார்
ஃபோர்மேன் வர்கீஸ்.

வெடிக்கிற நாளன்று போன்களை ஒரு வாளியில் வாங்கிக்கொண்டு
ஆளுக்கொரு கறுப்புக் கண்ணாடி தந்தார்கள்.
கோபுரத்துக்கு அப்பால், தூரத்துக் குழியில்
பெட்ரோல் பீப்பாய்கள், ஏதோ வெள்ளைப் பொடி.
மைக்கில் எண்கள் இறங்க ஆரம்பித்தன.
நின்று பார்த்தால் போதும் என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

தவரூபன் மட்டும் குப்புறப் படுத்தான்.
முழங்கைகளை ஊன்றி,
நெஞ்சு தரையில் படாமல் தூக்கி,
காதுகளில் விரல்,
வாய் திறந்தபடி.

வர்கீஸ் சிரித்தார். நானும்தான்.
இயக்குநர் சிரிக்கவில்லை.
மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள்:
எங்கே கற்றுக்கொண்டாய், கேள்.
"புதுக்குடியிருப்பு" என்றான்.
எந்த வகுப்பில் என்று கேட்டேன், விளையாட்டாக.
"நாலாம் வகுப்பு" என்றான்.
நான் ஆங்கிலத்தில், பள்ளிக்கூடத்தில், என்றேன்.
அவர் தலையாட்டிக் குறித்துக்கொண்டார்.

கோபுரம் வெடிக்கவில்லை.
அதைக் கம்ப்யூட்டரில் பார்த்துக்கொள்வார்களாம்.
நாலு நாள் பிரித்தோம். பதினாலு கப்ளர் குறைந்தது,
மணலுக்குள் போயிருக்கும்.
ஸ்டோர்காரன் எங்கள் பேரில் எழுதினான்.

அடுத்த வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை
நாற்பத்தைந்து திர்ஹம் கொடுத்துப் போனோம்.
மூன்று மணி நேரப் படம்.
கரும்பலகை, சிகரெட், அழுகிற மனைவி,
நீளமான மேசைக்கு இருபுறமும் பெரிய மனிதர்கள்.
கீழே ஓடியது அரபி.
அவர் கெட்டவரா, நல்லவரா என்று
பக்கத்து சீட்டில் இருதயராஜ் கேட்டுக்கொண்டே வந்தான்.
எனக்கென்ன தெரியும்,
நான் கோபுரத்துக்குக் காத்திருந்தேன்.

பதினொரு விநாடி நின்றது.
நாளைக்கு ஒரு விநாடி.

பிறகு திரை முழுக்க வெளிச்சம்,
சத்தமே இல்லாமல்.
யாரோ உறிஞ்சும் ஸ்ட்ரா மட்டும் கேட்டது.
வெளிச்சம் வடிய, மணலில் விஞ்ஞானி தெரிந்தார்:
ஊன்றிய முழங்கை, தூக்கிய நெஞ்சு,
காதில் விரல்,
திறந்த வாய்.
அச்சு அசலாக அவன்தான்.

அவர் மெதுவாகத் தலையைத் தூக்கி
தான் செய்ததைப் பார்த்து
உதடுகளை மூடினார்.

"கெதியா மூடிப்போட்டான்" என்றான் தவரூபன்
இருட்டுக்குள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.
"சத்தம் இன்னும் வரேல்லயே."

வந்தது.
நாற்காலி அதிர்ந்ததற்கு
முன்வரிசையில் சில பேர் சிரித்தார்கள்.
இவன் அதற்கப்புறமும்
வெகுநேரம் வாயை மூடவில்லை.