ஏழாவது மாடி

லிஃப்ட் பழுது என்று முன்கூட்டியே சொல்லியிருந்தால்
ஃபாயெஸ் வாத்தியார் வந்திருக்க மாட்டார்.
அதனால் சொல்லவில்லை.

கெய்ரோவில், ஷுப்ராவின் எங்கள் சந்தில்,
ஐந்து பிள்ளைகளைச் சேர்க்க
மூன்று வாரம் ஆயிற்று எனக்கு.
கிரோலுசுக்குத் திங்கள் ஆகாது.
மருந்துக்கடைக்காரர் மகளுக்குப் புதனில் வேதியியல்.
இரட்டையரை ஒரு தலையாகக் கணக்கிட முடியுமா
என்றார் அவர்களின் அப்பா.
முடியாது என்றேன்.
ஒன்றரைத் தலையில் முடிந்தது பேரம்.
ஐந்தாவது, என் மகன். அவனை யாரும் கேட்கவில்லை.

காலையில் இதே பிள்ளைகள் இதே வாத்தியார் முன்னால்
அறுபத்து நாலு பேரோடு நெருக்கியடித்து இருந்தவர்கள்தாம்.
அங்கே கரும்பலகையோடு பேசுகிறவர்
இங்கே பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்:
"மரீஸ், எக்ஸை ஏனம்மா இந்தப் பக்கம் இழுத்தாய்?"

குறை சொல்ல எனக்கு வாயில்லை.
நானும் டீச்சர்தான். பிரெஞ்சு.
காலையில் என் குரலும் முதல் பெஞ்சோடு சரி.

ஒன்றரை மணி நேரம். இரண்டு தேநீர்.
பண உறையின் மேலேயே கோப்பையை வைத்துவைத்துக் குடித்தார்.
பிறகு, எண்ணாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
மாடிக்கு மாடி நின்று நின்று இறங்கினார்.

வியாழன், அவர் வீட்டில்,
அவர் மகளுக்கு வினைச்சொற்கள் முடித்து எழுந்தபோது
மனைவி நீட்டிய உறையின் மூலையில்
என் வீட்டுக் கோப்பையின் பழுப்பு வட்டம்.

நானும் எண்ணவில்லை, அவர்கள் முன்னால்.
தெருவிளக்கடியில் எண்ணினேன்.
ஐம்பது பவுண்டு குறைந்தது.

படிக்கட்டுக்கு என்று
வைத்துக்கொண்டேன்.