பறிக்காமல் விட்டவை

சிக்லாப்பில் நான் குடியிருக்கும் பின்னறைக்கு
ஒரு சன்னல், ஒரு மின்விசிறி,
குளிர்பெட்டியில் இரண்டாம் தட்டு.
வீட்டுக்காரர் திருமதி யோ
முதல் நாளே சொல்லிவிட்டார்:
மீன் பொரிக்கக் கூடாது,
ஒன்பதுக்குமேல் துணி துவைக்கக் கூடாது,
ஓட்டுமேல் ஏதாவது ஓடினால்
பயப்படக் கூடாது.

ஓடியது.
இரவு ஒன்றரைக்கு,
யாரோ அரிசி மூட்டையை இழுத்துப் போவதுபோல.
மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன்.
பிறகு சன்னல் வழியே ஒரு வாசம்:
பாண்டான் இலை போட்டு
யாரோ சோறு வடிக்கிறார்கள்.
இந்நேரத்திலா?

மறுநாள் வார்டில் ரொஹானி விழுந்து விழுந்து சிரித்தாள்.
"மூசாங்! உன் கூரையில் மூசாங்!"
தமிழில் மரநாய் என்று
பிறகுதான் தெரிந்துகொண்டேன்.
நாயுமில்லை, பூனையுமில்லை.
கண்ணைச் சுற்றிக் கருவளையத்தோடு
இரவுப்பணிக்குக் கிளம்பும் ஒருவர்.
வாடகை மட்டும் தருவதில்லை.

ஒருநாள்
வாழைப்பழத்தை நான்காக நறுக்கி
மதில்மேல் வைத்தேன்.
வைத்த கையோடு நெஞ்சு அடித்துக்கொண்டது.
பூங்கா வாசலில் நாலு மொழியிலும்
படம் போட்டு எழுதியிருக்கிறது:
காட்டு விலங்குகளுக்கு உணவளிக்காதீர்.
திரும்பிப் போய் எடுத்து
இருட்டில் நின்றபடி நானே தின்றேன்,
நான்கு துண்டையும்.

வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால்
தலைக்குமேல் சீக்கு மரம்.

எங்கள் ஊரில் சீக்கு என்றால் நோய்.
இங்கே சப்போட்டாவுக்கு அந்தப் பெயர்.
வேலையில் ஒரு சீக்கு,
வீட்டில் இன்னொரு சீக்கு என்று
அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னால்
பாதி புரியாமல் பதறுவாள்.

பழம் பறிப்பது ஞாயிற்றுக்கிழமை.
திருமதி யோவுக்கு முழங்கால் வலி வந்ததிலிருந்து
ஏணி என் பொறுப்பு.
கைக்கு எட்டியதெல்லாம் பறித்தேன்.
உச்சிக்கிளையில்
எட்டியும் எட்டாததுபோல்
ஏழு பழம் விட்டேன்.
"அங்கே இருக்கே, அங்கே?"
"காய், ஆன்ட்டி. எல்லாம் காய்."
தொட்ட விரல் ஒன்றில் அமுங்கிவிட்டது.
ஏணியில் துடைத்துக்கொண்டேன்.

பறிக்காமல் விடுவது
உணவளித்தல் ஆகுமா?
சட்டம் படித்தவர்கள் சொல்லட்டும்.

அன்றிரவு விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருந்தேன்.
முதலில் வாசம்.
பிறகு கிளை தாழ்ந்தது.
ஈரமூக்கு ஒரு பழத்தை முகர்ந்தது,
வேண்டாமென்று விட்டது,
அடுத்ததற்குப் போனது.
சப்புக்கொட்டும் ஓசை கேட்டது,
சத்தியமாகக் கேட்டது.
தோல் ஒன்று
ஆர்க்கிட் தொட்டிக்குள் பொத்தென்று விழுந்தது.

வார்டில் என் வேலை எழுதுவது:
யார் எத்தனை மில்லி குடித்தார்,
எத்தனை மில்லி வெளியே வந்தது,
எந்தப் படுக்கையில் பாதிக் கஞ்சி மீந்தது.
உதடு இறுக்கிக்கொண்டவர்களிடம்
இன்னும் ஒரே ஒரு வாய் என்று கெஞ்சுவது.
இங்கே கெஞ்சல் இல்லை.
அது தின்றது, நான் பார்த்தேன்.
நிறைந்துகொண்டிருந்தது
யாருடைய வயிறு என்று
கொஞ்ச நேரம் தெரியவில்லை.

காலையில் திருமதி யோவின் கூச்சல்.
அவருடைய வெள்ளைக் கார்மேல்
ஒரு சிறு குவியல்,
கழுவி அடுக்கியதுபோல்
பளபளவென்று கறுப்பு விதைகள்.
வாளியும் துணியுமாய் ஓடினேன்.
துடைக்குமுன் எண்ணிக்கொண்டேன், பழக்கதோஷம்.
பதினாறு.
உள்ளே போனது, வெளியே வந்தது,
இரண்டும் எழுதியாயிற்று மனசுக்குள்.

"சிரிக்கிறியா நீ?" என்றார்.
இல்லை ஆன்ட்டி என்று
உச்சியைப் பார்த்தேன்.
ஏழில் ஒன்று பாக்கி,
முகர்ந்துவிட்டு வேண்டாமென்றது.

வியாழக்கிழமை பழுத்துவிடும்.
வியாழன் எனக்கு விடுப்பு.