ஐந்து இம்மி

"இம்மி பிசகக் கூடாது" என்றார் ஏகப்பன்,
பங்கு போடச் சொல்லி வரைபடத்தை நீட்டும்போது.
பேச்சுவாக்கில் சொன்னதுதான்.
பத்திரம் எழுதிப் பிழைக்கிற நான்
வாய்வார்த்தையையும் அளந்து பார்க்கிறவள்.

கண்டனூர் வீடு. முகப்பிலிருந்து பின்கட்டு வரை
நாற்பதாயிரம் சதுர அடி.
ஆள் பதினொன்று.

இம்மி என்றால் கொஞ்சம் என்றுதான் எல்லோருக்கும் நினைப்பு.
இல்லை. பழைய வாய்ப்பாட்டில் அதற்குக் கணக்கு உண்டு:
ஒன்றைப் பத்து லட்சத்து எழுபத்தையாயிரத்து இருநூறாக
உடைத்தால் கிடைக்கும் ஒரு துண்டு.

வளவுத் தூணில் சாய்ந்து
வில்லங்கச் சான்றின் முதுகில்
அந்த எண்ணை வகுத்துக்கொண்டே போனேன்.
பதினோரு முறை பாதியானது, முணுமுணுக்காமல்.
பிறகு ஒரு மூன்று, இரண்டு ஐந்து, ஓர் ஏழு.
அவ்வளவுதான் அதன் உடம்பில்.

நல்ல மனசுள்ள எண்.
ஏழு பேர் வந்தாலும் சரி, பதினாறு பேர் வந்தாலும் சரி,
நூறு பேருக்கும் சமமாகப் பரிமாறும்.
நூற்று நாற்பத்து நாலு விதமாய்ப் பந்தி போடலாம்,
மிச்சம் விழாது.

ஒன்பதோடு அதற்குப் பிணக்கு.
பதினொன்றோடும்.
உள்ளே பதினோரு இரண்டுகள் உட்கார்ந்திருக்க
ஒரு பதினொன்றுக்கு இடமில்லை.
இலக்கங்களை ஒன்றுவிட்டு ஒன்று கூட்டினேன்:
ஒன்றும் ஏழும் இரண்டும் பத்து,
இடையில் நின்ற ஐந்தைக் கழித்தால் ஐந்து.
ஆளுக்குத் தொண்ணூற்றேழாயிரத்து எழுநூற்று நாற்பத்தைந்து இம்மி.
யாருக்கும் இல்லாமல் ஐந்து.

"ஆத்தங்குடிக் கல்லு ஒண்ணுல பாதிகூட வராதே"
என்று சிரித்தாள் பினாங்கிலிருந்து வந்த சிகப்பி.
"ரவுண்டாப் போட்டுருங்க" என்றார்
இம்மி பிசகக் கூடாதென்ற ஏகப்பன்.

"பன்னெண்டா இருந்திருந்தா?"
பின்னாலிருந்து ஒரு குரல்.
சாட்சிக் கையெழுத்துக்கு ராயவரத்திலிருந்து வந்த தேனப்பன்.
இந்த வீட்டில் எட்டாவதாய்ப் பிறந்து
ஆறு வயதில் அங்கே சுவீகாரம் போனவர்.
போன நாளிலிருந்து இந்தப் பட்டியலில் இல்லை.

சொல்லலாமா என்று யோசித்தேன்.
சொன்னேன், கணக்குத்தானே:
எண்பத்தொன்பதாயிரத்து அறுநூறு. மிச்சம் பூஜ்யம்.

யாரோ செல்போனை எடுத்துப்
பெருக்கிச் சரிபார்த்தார்கள்.

தேனப்பன் தான் நின்றிருந்த கல்லைக் காட்டினார்.
"அஞ்சு இம்மி இதுல எம்புட்டு?"
சாக்பீஸால் கோடு கிழித்தேன்,
கல்லின் ஓரமாக, மூன்று விரற்கடைக்குச் சற்று மேலே.

ஒரு காலை அதில் வைத்தார்.
குதிகால் வெளியே, ஏகப்பன் பங்கிலோ
சிகப்பி பங்கிலோ நின்றது.
கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தார்.
பிறகு அதைத் தூக்கிக்கொண்டார்.