ஐந்தாம் மாடி, நேரலை

முதலில் அந்த இருமலைச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாம் பாட்டு, ஒரு நிமிடம் ஒன்பதாவது நொடி.
கிட்டார் ஓய்ந்து டிரம் எழும் இடைவெளியில்
எவனோ இருமுகிறான்.
காக்கி புக்கிட்டில் ஒரு தொழிற்பேட்டைக் கட்டடம்,
கீழே பிஸ்கட் கிடங்கு, மேலே கேட்டரிங் சமையலறை,
நடுவில் நாங்களும் நாற்பத்தொரு டிக்கெட்டும்.

நாற்பத்தொன்று ஆல்பத்துக்குப் போதாது என்றான் வெய் ஜியே.
கைதட்டலை வெட்டி அதன்மேலேயே ஒட்டினேன்,
கொஞ்சம் தள்ளி, இன்னும் கொஞ்சம் தள்ளி.
நானூறு பேர் வந்துவிட்டார்கள்.
இருமலும் மூன்றாகிவிட்டது.
ஒரே சளி, ஒரே தொண்டை,
அரங்கின் மூன்று மூலையில்.

யீஷூனில் என் அறை. சுவருக்குப் போர்வை,
கதவிடுக்குக்கு ஈரத்துண்டு.
பகலில் சாங்கியில் சரக்குப் பெட்டிகளை எண்ணுகிறேன்,
இரவில் இவர்களை.
ஹஃபீஸுதீனின் சிம்பல் எல்லா மைக்கிலும் ஒழுகுகிறது;
எத்தனை வாளி வைத்தாலும் தரை நனையும் மழை.
சங்கமித்ராவிடம் எனக்கு வேலையே இல்லை.
உறுமலுக்கு நடுவிலும் அவள் ழகரம் பிசகாது.
உயர்நிலை நான்கில், வாய்மொழித் தேர்வில்,
உச்சரிப்பு தெளிவில்லை என்று இவளுக்குத்தான்
மதிப்பெண் குறைத்தார்களாம்.
‘விழு’ என்று அடிவயிற்றிலிருந்து அவள் எடுக்கும்போது
மீட்டரில் சிவப்பு ஏறும்.
ஏறட்டும் என்று விடுகிறேன்.

கடைசிப் பாட்டில் கரண்ட் போனது.
யாராவது புகார் சொன்னார்களோ,
ஒரே பிளக்கில் நாங்கள் சொருகிய ஆறு ஆம்ப்களோ,
தெரியாது.
என் கணினி அந்த நொடியிலேயே செத்தது.
கையடக்க ரெக்கார்டர் மட்டும்
யாரோ கழற்றிப்போட்ட சட்டைக்கு அடியில்
பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது.

அதைத்தான் இப்போது கேட்கிறேன்.
ஏர்கான் நிற்கிறது.
அவ்வளவு நேரம் அது ஓடியதே அப்போதுதான் தெரிகிறது.
ஹஃபீஸ் நிறுத்தவில்லை. எட்டுச் சுற்று, தனியாக,
கடைசிப் பேருந்தைத் துரத்துகிறவன் மாதிரி.
பிறகு மித்ரா, மைக் இல்லாமல், உறுமல் இல்லாமல்,
லேசாக மூக்கடைத்த குரலில்.
யாரும் கூடப் பாடவில்லை.
எல்லா வரியும் தெரிந்தவர்களுக்குக்கூட
இருட்டில் வெட்கமாக இருந்தது.

அந்த அமைதியில் சரக்கு லிஃப்ட் வந்து நின்று
டிங் என்றது.

வெய் ஜியே தடித்த தந்தியைத் தளர்த்தி வைத்திருந்தானே,
அதே சுருதி.
மூன்று ஸ்தாயி மேலே, ஆனால் அதேதான்.
சத்தியமாக. ட்யூனர் வைத்துப் பார்த்தேன்.

கதவு திறக்கிறது. செருப்புச் சத்தம், சாவிக்கொத்து.
‘என்னா இது, பத்து மணி தாண்டிருச்சு லா’ என்று
காவலாளி ஆரம்பித்து
இருமுகிறார்.

நிறுத்தினேன். பின்னால் போனேன்.
இரண்டாம் பாட்டு, ஒன்று ஒன்பது.
கடைசிப் பாட்டு, ஆறு நாற்பது.
கோடுகளை ஒன்றின்கீழ் ஒன்றாக வைத்தால்
ஒரே மலை, ஒரே சரிவு.

எட்டரைக்கே வந்திருக்கிறார்.
கதவோரம் நின்றிருக்கிறார்.
நிறுத்தச் சொல்ல வந்தவரா,
இன்னொரு பாட்டு ஆகட்டும் என்று நினைத்தவரா,
அதை எந்த மைக்கும் பிடிக்கவில்லை.
டிக்கெட்டை எண்ணிய நாங்கள்
அவரை எண்ணவில்லை.

ஒட்டிய கைதட்டலையெல்லாம் அழித்தேன்.
ஒற்றை இருமலும் நாற்பத்தொரு பேரும் மிஞ்சினார்கள்.
சத்தம் ஒல்லியாகிவிட்டது என்றான் வெய் ஜியே.
ஆமாம் என்றேன்.
இருட்டுப் பகுதியை வெட்டு என்றான்.
முடியாது என்றேன்.
இரண்டு நாள் பேசவில்லை.

மூன்று மணிக்குக் கோப்பி வாங்கக் கீழே போனேன்.
எங்கள் புளோக் லிஃப்ட் வந்து நின்று
டிங் என்றது.
அரைச் சுருதி கூட.

கேட்க எரிச்சலாக இருந்தது.